தர்மம் என்று போட்டிருந்தாலும் விசாரி

காவேரிப்பட்டணம்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னதே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்டு ஸ்டேட்மென்டில் ஏதோ ஒரு டிரஸ்ட் பெயரில் 499 ரூபாய் போயிருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை, "போனால் போகட்டும்ப்பா, நல்ல காரியத்துக்குத்தானே" என்றாய். அப்படி விட்டுவிடாதே.

போன வருஷம் எனக்கு நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. பெங்களூரா மாங்காய் போட்ட பணம் ஏறிவிட்டதா என்று பார்க்க பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். மெஷின் கறகறவென்று அடித்துத் தள்ளிய பக்கத்தில் மாதம் தவறாமல் 500 ரூபாய் கழிந்திருந்தது. ஏழு வரி. ஒவ்வொன்றிலும் 'ஏசிஎச்' (கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பது) என்று போட்டு, நான் கேள்வியேபடாத ஒரு பெயர். உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். "கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் கழுத்தில் அட்டை மாட்டின பையன் குழந்தைங்க போட்டோ காட்டினானே, அவன்கிட்ட கையெழுத்துப் போட்டீங்களே" என்றாள். நான் ஒரு தடவை கொடுப்பதாக நினைத்துப் போட்ட கையெழுத்து அது. மாதாமாதம் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று தாளில் இருந்திருக்கிறது. பையன் வாய்விட்டுச் சொல்லவில்லை. அட்டையில் இருந்த பெயர் வேறு, பதிவு செய்த பெயர் வேறு, அதனால்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பேங்க் கிளையில் அந்தச் சம்மதத்தை, அதாவது மேன்டேட்டை, ரத்து செய்யச் சொல்லி எழுதிக்கொடுத்தேன், அடுத்த மாதத்திலிருந்து நின்றது.

உன் பாட்டி வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஆனால் எந்த ஊர், யார் என்று கேட்காமல் ஒரு படி கேழ்வரகு கூட அளந்ததில்லை.

அதனால் முதலில் அது நம் வீட்டுச் செலவுதானா என்று பார். மெயிலில் அந்தத் தொகையைப் போட்டுத் தேடு, வருமான வரிச் சலுகைக்காக நன்கொடைக்குத் தரும் 80ஜி ரசீது வந்து கிடக்கலாம். இன்னொரு கார்டு மாப்பிள்ளையிடம் இருக்கிறதே, அவரையும் கேள். டிக்கெட் எடுக்கும்போது நன்கொடைக் கட்டத்தில் டிக் தானாக விழுந்திருந்ததா என்று யோசித்துப் பார். கேட்காமல் அப்படிச் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இலேயே தடுத்திருக்கிறது. மாதாமாதம் எடுப்பதாக இருந்தால் 24 மணி நேரம் முன்னதாகவே மெசேஜ் வந்திருக்க வேண்டும், பழைய மெசேஜைப் புரட்டு.

நீயே கொடுத்ததாக இருந்தால், 'நான் செய்யவில்லை' என்று பேங்கில் புகார் எழுதாதே. அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். வேண்டாமென்றால் அவர்களுக்கே எழுதி நிறுத்தச் சொல். பிடித்திருந்தால் கொடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

யாருமே செய்யவில்லை என்றால்தான் எனக்குப் பயம். கார்டு நம்பரைத் திருடியவர்கள் அது வேலை செய்கிறதா என்று பார்க்க, நன்கொடைப் பக்கத்தில் போய்ச் சின்னத் தொகையைத் தட்டிப் பார்ப்பார்களாம். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், பொருள் அனுப்ப விலாசமும் கேட்க மாட்டார்கள். நீ நினைத்த மாதிரியே பார்க்கிறவர்களும் 'தர்மம்தானே' என்று விட்டுவிடுவார்கள். அது செல்லுபடியானால் அடுத்தது பெரிய தொகை. அந்த டிரஸ்டுக்கே இது தெரிந்திருக்காது.

அப்படியானால் உடனே ஆப்பில் கார்டை பிளாக் செய். கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் நம்பருக்கு மட்டும் கூப்பிடு. கூகுளில் தேடிக் கிடைக்கும் நம்பர் வேண்டவே வேண்டாம். புகார் எண்ணை எழுதி வை. சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கும் சொல். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, உன் மேல் தப்பில்லாமல் வெளியாள் செய்திருந்து, மெசேஜ் வந்த 3 வேலை நாளுக்குள் நீ சொல்லிவிட்டால் உனக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. சொன்ன 10 வேலை நாளுக்குள் பணத்தை உன் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஓடிபியை நீயே யாருக்காவது சொல்லியிருந்தால் கதை வேறு. 30 நாளாகியும் பேங்க் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம்.

மெசேஜ் என்றைக்கு வந்தது என்று நீ சொல்லவே இல்லை. இதைப் படித்ததும் அதைப் பார்த்துவிட்டு எனக்கு போன் போடு. ராத்திரி பத்து மணி வரைக்கும் முழித்திருப்பேன், அதற்கு மேல் ஆனாலும் எழுப்பு.

அன்புடன்,
அப்பா