ஊடகக் குழு: சனிக்கிழமை மாலை கொஞ்சம் வேலை இருக்கிறது

அனைவருக்கும் ஸ்தோத்திரம். போன ஞாயிறு இரண்டாவது பாட்டில் திரையில் எழுத்து உடைந்து வந்தது. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அது; புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லை. முன் வரிசைப் பாட்டி ஒருவர், கோளாறு தன் கண்ணில்தான் என்று நினைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அதனால் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு, பாடகர் குழு பயிற்சிக்கு முன்பே கூடி, எல்லாப் பாட்டுகளையும், குறிப்பிட்ட ஓர் எழுத்துருவை நம்பியிராத யூனிகோடு முறையில் அடித்துவிடுவோம். ஒரு திரைக்கு நான்கு வரி போதும், எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

கேமரா பார்க்கும் தம்பிகள் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் டியூப்லைட் வெளிச்சம் நேரலையில் மினுக்கும். ஜெப நேரத்தில் யார் முகத்தையும் நெருக்கத்தில் காட்ட வேண்டாம். அழுகிறவர்கள் இருப்பார்கள், அது அவர்களுக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது.

அப்புறம், தட்டச்சுக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். வர முடிந்தவர்கள் இன்று இரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள். லேப்டாப் இருந்தால் சார்ஜரோடு கொண்டு வாருங்கள்.