கீழே நிற்பவர்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "ஐசியூவில் நைட் டூட்டி என்றாலே மத்தியானத்திலிருந்து வயிறு பிசைகிறதுப்பா" என்றாய். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. மறுநாளே மின்வாரிய ஆட்களான எங்களை மதுரையிலிருந்து வேதாரண்யத்துக்கு அனுப்பினார்கள், நினைவிருக்கிறதா? டெல்டாவிலும் சுற்று மாவட்டங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சேதம். வயலில் முழங்கால் சேறு, கிரேன் இறங்காது. கம்பத்தைத் தோளில்தான் தூக்க வேண்டும். எங்கள் குழுவில் பாதிப் பேர் வேறு மாவட்டக்காரர்கள், பெயர்கூடத் தெரியாது. முதல் ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. கம்பம் ஏறுவது பழகிய வேலைதான். லைனில் கரண்டை நிறுத்தியாகிவிட்டது என்ற எல்.சி. அனுமதி வாங்கி மேலே ஏறிய பிறகு, கீழே நிற்கும் புது ஆள் தப்பி வரும் கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடை ஒழுங்காக மாட்டியிருப்பாரா என்று நினைத்தாலே கை நடுங்கியது.

எங்கள் போர்மேன் அப்போது செய்ததை இன்றைக்கும் மெச்சுகிறேன். காலையில் பெரிய லைனைத் தொடவே விடவில்லை. ஒரே தெரு, ஏழு கம்பம். பொழுது சாய்வதற்குள் அங்கே விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். எரிந்தது. ஒரு பாட்டி வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் எங்களுக்குள் பேச்சே ஆரம்பித்தது. "ரெண்டாவது கம்பத்துல கம்பம் சாயாம பிடிக்கிற ஸ்டே கம்பியைச் சரியா இழுக்கலை, காலைல ஒரு தடவை பாத்துருங்க" என்று ஒருவர் தானாகவே சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. அந்த ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வந்தது. மூன்றாம் நாள், "இன்னொரு தெருவையும் முடிச்சிரலாம்" என்று ஆட்களே கேட்டார்கள். சேறு அதே சேறு, கம்பம் அதே கனம்.

உன் வார்டிலும் ஒருவருக்கொருவர் பழக்கமில்லை என்றாய். டூட்டி மாறும்போது ஐந்து நிமிடம் கூடுதலாக நில். எந்த நோயாளியை நினைத்தால் உனக்குப் பயமோ, அதை வாய்விட்டுச் சொல். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் யார் உன்னோடு ஓடிவருவார்கள் என்று முன்பே பேசி வையுங்கள். ஒரு ராத்திரி நல்லபடியாகப் போனால் அதையும் காலையில் சொல்லிக்கொள்ளுங்கள். நாம் தப்பை மட்டும்தான் பேசுகிறோம்.

அப்புறம், ஆறு பேர் வேலையை மூன்று பேர் இழுத்தால் எந்த நம்பிக்கையும் தாங்காது. ஆள் குறைவென்றால் எல்லோருமாகப் போய் மேலே கேளுங்கள். நீ மட்டும் தனியாகப் போகாதே.

அம்மா பருப்புப்பொடி அரைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். உன்னோடு நைட் பார்க்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
அப்பா