மூன்றாவது மூட்டை

குறிஞ்சிப்பாடி,
பிப்ரவரி 9

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்த அன்று அறுவடை இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். தை மழையில் வெள்ளைப் பொன்னி ஒன்றரை ஏக்கரும் படுத்துவிட்டது. படுத்த பயிரை அறுக்க நேரம் இரட்டிப்பு, வாடகையும் அப்படியே. மழையைத் திட்டித் தீர்த்தேன். உண்மையில் யூரியாவை அதிகம் போட்டுப் பயிரைச் சாய்த்தவன் நான்தான்.

போன ஆண்டு பிப்ரவரிக் கடைசியில் ஹரியானாவுக்கு, உன் கர்னாலுக்கு வந்தேனே, அப்போது யூரியா மிஞ்சிய பக்கத்து வயல் கோதுமையை நீ இரு கையாலும் விலக்கிக் காட்டினாய். மேலே கரும்பச்சை. உள்ளே உச்சிவெயிலிலும் இருட்டு. அடியிலைகள் வைக்கோலாய்ப் பழுத்திருந்தன. தண்டை விரலால் அழுத்தினாய், கீரைத்தண்டு போல நசுங்கியது. ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் ஐந்தாறு சதுர மீட்டர் இலை விரிந்தாலே வெயிலில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும், அதற்கு மேல் வளர்வதெல்லாம் கீழ் இலைக்கு நிழல்தான், தண்டும் வலுக்காது என்றாய். தலையாட்டிவிட்டு ஊர் வந்தேன். கதிர் வரும் நேரத்தில் இலை சற்று வெளுத்தது போலத் தோன்றியது. மூன்றாவது யூரியா மூட்டையையும் பிரித்துவிட்டேன். 45 கிலோ 266 ரூபாய் 50 காசு என்றால் கை நிற்குமா? இலையின் பச்சையை ஒப்பிட்டு யூரியா தேவையா என்று காட்டும் இலை வண்ண அட்டை பரணில் தூங்குகிறது.

உன் மைத்துனர் யூரியாவில் குறை வைக்காமலும் போன பருவத்தில் கோதுமை விளைச்சல் குறைந்தது ஏன் என்று கேட்டிருந்தாய். முதல் தண்ணீர் எப்போது விட்டார்? விதைத்து 21 நாள் ஒட்டித்தான் தரையோரக் கணுவிலிருந்து புது வேர் இறங்குகிறது. அப்போது மண் காய்ந்திருந்தால் உரம் மேலேயே கிடக்கும், தூர் கட்டாது. அது தவறாமல் கிடைத்து, மணி பால் பிடிக்கும்போது தண்ணீர் கிடைக்காமல் போயிருந்தால் கதை வேறு. யூரியாவில் கொழுத்த இலைகள் மண்ணின் ஈரத்தை முன்னதாகவே உறிஞ்சியிருக்கும். கதிர் நிறைய இருக்கும், மணி சூம்பிப் போகும். இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். மீதியிருக்கும் மணியைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல். அதற்காக நம் நெல்லுக்குக் கட்டுவது போலத் தண்ணீரைத் தேக்கிவிட வேண்டாம், கோதுமை மஞ்சளடித்துவிடும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன்னை விசாரித்தாள்.

மாசி மகத்துக்கு வருகிறாயா? தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமிகள் இறங்குவதைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது! வரும்போது சாயாத வயலிலிருந்து நாலு கோதுமைத் தண்டு வேரோடு பிடுங்கி வா. என் பொன்னியின் தண்டோடு வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ராமு