சிடியை எதில் போடுவது? வைஃபை டாங்கிள் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

யூ.எஸ்.பி. வைஃபை டாங்கிள் தயாரிப்பவர்களுக்கும், அதை இறக்குமதி செய்து தங்கள் பெயரில் விற்பவர்களுக்கும்,

வணக்கம். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் செருகினால் வைஃபை தரும் உங்கள் டாங்கிள் விரல் நகம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் அதை இயக்கத் தேவையான டிரைவர் என்ற மென்பொருளைப் போட்டுத் தரும் 8 செ.மீ. குட்டி சிடி மட்டும் பெட்டியை விட்டு இன்னும் போகவில்லை. ஆப்பிள் 2008-லேயே மேக்புக் ஏரில் சிடி டிரைவை எடுத்துவிட்டது. இன்று புதிதாக வரும் லேப்டாப்களில் அதைப் பார்ப்பதே அரிது. புது கேபினெட் பலவற்றில் அதை மாட்ட இடமே கிடையாது. டிரைவ் உள்ள பழைய மெஷினிலும், தட்டு வெளியே வராமல் சிடியை உள்ளிழுக்கும் வகையாக இருந்தால் இந்தக் குட்டி சிடி சிக்கிக்கொள்ளும்.

"எங்கள் வலைத்தளத்தில் டவுன்லோடு செய்துகொள்ளவும்" என்று கையேட்டில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். நெட் வேண்டும் என்றுதானே ஐயா அந்த மனிதர் டாங்கிளே வாங்கினார்?

சரி, ஃபோனில் தேடலாம் என்றால் எதை வைத்துத் தேடுவது? ஒரே மாடல் பெயருக்குள் சிப் மாறுகிறது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதெராஸ் சிப், இரண்டாம் பதிப்பில் ரியல்டெக். ஒன்றின் டிரைவர் மற்றதற்கு ஆகாது. அதிலாவது பதிப்பு எண்ணை லேபிளில் பார்க்கலாம். பெயரில்லாத டாங்கிள்களின் மேல் '802.11என்' என்று மட்டும் இருக்கும். அது வைஃபை தரத்தின் பெயர், பொருளின் பெயர் இல்லை. அதைத் தேடுகிறவர் டிரைவர் தருவதாகச் சொல்லும் ஏதோ ஒரு தளத்தில் போய் விழுகிறார். அப்புறம் மெஷினைச் சுத்தம் செய்யச் சொல்லி என் கடைக்குத்தான் வருகிறார்.

எங்களுக்கு வழி தெரியும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடியை, அதாவது கருவியின் அடையாள எண்ணைப் பார்த்தால் பெரும்பாலும் சிப்பைப் பிடித்துவிடலாம். அதைவிடச் சுலபம், ஆண்ட்ராய்டு ஃபோனைக் கேபிளில் மாட்டி, ஃபோனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் யூ.எஸ்.பி. டெதரிங்கை ஆன் செய்வது. விண்டோஸ் 10, 11 இரண்டும் அதை நெட்வொர்க்காகத் தானே எடுத்துக்கொள்ளும். ஃபோன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான ஃபோன்களில் மொபைல் டேட்டாவும் செலவாகாது. பிறகு விண்டோஸ் அப்டேட்டே பல டாங்கிள்களுக்கு டிரைவரைக் கொண்டுவந்துவிடும். இவ்வளவு எளிய விஷயத்தைக் கையேட்டில் எழுத உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

உண்மையான தீர்வு உங்களில் சிலர் கையிலேயே இருக்கிறது. ரியல்டெக் சிப் போட்ட சில டாங்கிள்கள், செருகியதும் முதலில் ஒரு சிடி டிரைவ் போலத் தெரியும். உள்ளே டிரைவர் இருக்கும். இன்ஸ்டால் செய்ததும் வைஃபையாக மாறிவிடும். பெட்டியில் 'டிரைவர் ஃப்ரீ' (டிரைவர் தேவையில்லை) என்று போடுகிறார்கள். பெயர் சரியில்லை, வேலை சரியாக நடக்கிறது. (லினக்ஸில் சில சமயம் அது சிடி டிரைவாகவே நின்றுவிடும், அதையும் கவனியுங்கள்.) எல்லா டாங்கிளிலும் டிரைவரை இப்படி உள்ளேயே வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அதற்குச் செலவாகும் என்றால், சிப்பின் பெயரை லேபிளில் அச்சடியுங்கள். தளத்தில் செட்டப் ஃபைலோடு நிறுத்தாமல், டிரைவரைச் சேர்க்க விண்டோஸ் நேரடியாகப் படிக்கும் ஐ.என்.எஃப். ஃபைல் உள்ள ஜிப்பையும் வையுங்கள். விண்டோஸ் 11 ஹோம், முதல் முறை ஆன் செய்யும்போதே நெட் கேட்கிறது. செட்டப் ஃபைலை டபுள் கிளிக் செய்ய அப்போது டெஸ்க்டாப்பே வந்திருக்காது.

சிடியைப் போட்டே தீருவோம் என்றால், அதன் உறை மேலாவது அந்தச் சிப்பின் பெயரைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சர்வீஸ் கடைக்காரன்