டிராஃப்டரைத் திருப்பிக் கொடு

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக என்னிடமிருந்து கடிதம் இல்லை. திட்டி முடித்துவிட்டாயா? சரி. இங்கே எல்லோரும் நலம். சர்க்கரை 180-இல் நிற்கிறது, அதைப் பற்றி நீ எதுவும் எழுத வேண்டாம்.

சோம்பல் இல்லைடா. வலது கை நடுங்குகிறது. டம்ளரை எடுத்தால் காப்பி தளும்புகிறது. என் எழுத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் தள்ளிப்போட்டேன். இதை எழுதவே மூன்று நாளாயிற்று.

போன மாதம் டெல்லியில் மகள் வீட்டில் இருந்தோம். சாகேத்தில் ஒரு மாலுக்குள் கிரண் நாடார் அருங்காட்சியகம் இருக்கிறது, ஏசிக்காகத்தான் போனேன். அங்கே நஸ்ரீன் மொஹமதி என்பவரின் பென்சில் படம் ஒன்று. பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம் இரண்டாம் வருஷ டிராயிங் ஷீட்டேதான்! தலைப்பு இல்லை, தேதி இல்லை, மூலையில் பெயரும் விவரமும் எழுதும் டைட்டில் பிளாக் கட்டமும் இல்லை. மொட்டை சார் பார்த்திருந்தால் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பார்.

அப்புறம் கிட்டே போனேன். கோடுகளின் இடைவெளி மேலே போகப் போக நெருங்குகிறது. அழுத்தமும் கூடவே தேய்கிறது, கோடு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. தடிமன் மாறக்கூடாது, பென்சிலை உருட்டிக்கொண்டே இழு என்று நம்மை வதைத்தார்களே, இந்த அம்மாள் வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார். அவரும் டிராயிங் டேபிள், ஸ்கேல், செட் ஸ்கொயர் வைத்துத்தான் போட்டாராம். வீட்டுக்கு பிளான் போடும் அதே சாமான்கள். ஆனால் தாளில் சுவரும் இல்லை, வாசலும் இல்லை.

மகள் போனில் தேடிப் படித்தாள். 1937-இல் கராச்சியில் பிறந்தவர். 1972 முதல் பரோடா நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியர். நரம்பு நோய் வந்து, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. 1990-இல், 53 வயதில், அலிபாக் பக்கம் கிஹிமில் இறந்துபோனார். உடம்பு தள்ளாடிய அந்த 80-களிலும் வரைந்துகொண்டேதான் இருந்திருக்கிறார். அந்தப் படங்களில் வெள்ளைத் தாளில் சில சாய்கோடுகள் மட்டும் மிதக்கின்றன.

திரும்பவும் அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றேன். நடுக்கத்தைத் தேடினேன் சேகர். காவலாள் 'பீச்சே, பீச்சே' என்று அதட்டும்வரை மூக்கை ஒட்டிவைத்துத் தேடினேன். எங்கேயும் இல்லை. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு மாதமாக நான் ஸ்கேலையே தொடவில்லை. அண்ணன் மகன் மாடிக்கு பிளான் கேட்டதற்குக் கண் சரியில்லை என்று பொய் சொன்னேன்.

வியாழக்கிழமை நரம்பு டாக்டரிடம் போகிறேன். பார்க்கின்சனாக இருக்கலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. கமலா இதை வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நீ போனில் உளறிவைக்காதே.

அப்புறம், செமஸ்டருக்கு என்று 1981-இல் வாங்கிக்கொண்டு போனாயே, டிராயிங் போர்டில் மாட்டிக் கோடு போடுகிற என் மினி டிராஃப்டர். உன் வீட்டுப் பரணில்தான் கிடக்கும். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, கூரியரில் அனுப்பு. செலவை நானே தருகிறேன், கஞ்சப்பயலே.

உன்,
ராமு