துருசடிக் கோலும் உன் கருவியும்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முதல்நாளே செய்தி சொல்லுகிறது.

போன ஞாயிறு நீ போனில் சொன்னதை இரண்டு மூன்று நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். குளத்தில் ஒரு சின்னக் கருவி பூட்டலாம், அது ஒலியை அனுப்பி, தண்ணீரில் பட்டுத் திரும்ப எடுக்கிற நேரத்தை வைத்து நீர்மட்டம் கணக்குப் பார்க்கும், பத்து வருசத்தில் வன்னியே வேறு மாதிரி ஆகிவிடும் என்றாய். நான் "ம்" என்று மட்டும் சொன்னதில் உனக்குக் கோபம். எனக்குப் போனில் கதை வராது பிள்ளை. அதுதான் எழுதுகிறேன்.

குளத்துத் துருசடியில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மதகடியில், நிற்கிற அளவுகோல் உனக்கு ஞாபகம் இருக்கும். சின்னதில் அதில் பாசி சுரண்டி அடி வாங்கியிருக்கிறாய். எங்கள் இரணைமடுக் குளம் இப்போது 36 அடி பிடிக்கும். அணைக்கட்டை உயர்த்த முதல் 34. விடிய பால் கொண்டுபோகிற பெடியன் கோலைப் பார்த்துவிட்டு வந்து தேத்தண்ணிக் கடையில் சொல்லுவான். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சி கூட "கறுப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நிக்குது" என்பா. ஐம்பது ஏக்கர்காரனுக்கும் அரை ஏக்கர்காரனுக்கும் ஒரே இலக்கம். நான் கண்ட தொழில்நுட்பங்களில் அதைப்போல நேர்மையானது வேறொன்றில்லை.

சிறுபோகக் கூட்டத்தில், வெயில்கால விதைப்புக்கு முதல் கமக்காரர் கூடுகிறபோது, இதை நீ பார்த்திருக்க வேண்டும். நிற்கிற தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது, ஆகவே எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேச்சு நடக்கும். கதிரை கூடப் பறந்திருக்கிறது. ஆனால் எத்தனை அடி நிற்கிறது என்பதில் சண்டை வந்து நான் காணவில்லை. எல்லாரும் கோலைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுவில் இருந்து குடிதண்ணீர் கொண்டுபோகிற திட்டம் வந்தபோது அப்படி நடக்கவில்லை. கேட்டதும் எங்கள் சனம், மறித்ததும் எங்கள் சனம். அணைக்கட்டை உயர்த்தினால் மிச்சம் வரும் என்றார்கள். சிறுபோகத்துக்கே காணாது என்றோம். ஆளுக்கொரு கடதாசி, ஆளுக்கொரு கணக்கு. நானும் மறித்தவன்தான், இன்றைக்கும் அது பிழை என்று சொல்லமாட்டேன். கடைசியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்க தாழையடியில் 2024 இல் நிலையம் திறந்தார்கள். சரி, நல்லது. ஆனால் இத்தனை வருசத்து நீர்மட்டமும் ஒரே இடத்தில் இருந்து, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரரும் எங்கள் பக்கத்து முரசுமோட்டைக்காரரும் அதைத் தங்கள் தங்கள் போனில் பார்த்திருந்தால், இவ்வளவு மனக்கசப்பு வந்திருக்காது. நல்ல சமுதாயம் என்று நீ சொல்லும்போது என் கண்ணுக்கு வருவது இவ்வளவுதான்.

இன்னொன்று. 2018 மார்கழி வெள்ளம். அந்த இரவு குளத்தில் எத்தனை அடி, மிஞ்சின தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவுகளில் எது திறக்கிறது என்பது யாருக்கோ எங்கேயோ தெரிந்துதான் இருந்தது. எங்கள் ஒழுங்கைக்கு அது வந்து சேரவில்லை. நாய் குரைத்துத்தான் எழும்பினேன். காலை கீழே வைத்தால் செருப்பு இல்லை, அது சாமி அறைப் பக்கம் மிதந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி உழவு இயந்திரப் பெட்டியில் ஆச்சியையும் ஆட்டுக்குட்டிகளையும் ஏற்றினான். விடிந்த பிறகு போனைப் பார்த்தால் ஒரு மெசேஜ் கிடக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில்.

அதனால் உன் கருவி எவ்வளவு துல்லியமாக அளக்கும் என்று நான் கேட்கப்போவதில்லை. இலக்கம் முதலில் யாருக்குப் போகும்? தமிழில் போகுமா? பட்டன் போனுக்கு வருமா? வாசிக்க ஏலாத ஆச்சிக்குக் குரலில் சொல்லுமா? முன்பக்கம் வடிவாக இருக்க வேண்டும் என்று மினக்கெடாதே. இரவு இரண்டு மணிக்கு அது எங்கள் ஒழுங்கைக்கு வந்தால் போதும்.

பழைய கணக்கும் வேண்டும். நான் வருசக்கணக்காகக் கொப்பியில் எழுதி வைத்த நீர்மட்டம் எல்லாம் 2009 இல் காணி உறுதி, படங்களோடு போய்விட்டது. ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஏதோ ஒன்று போனது. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளையும் மலர்களையும் பக்கம் பக்கமாக ஏற்றி வைத்திருக்கிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கொப்பிதான் ஞாபகம் வரும். நீ சேர்க்கிற இலக்கங்களையும் உன் கம்பியூட்டரில் பூட்டி வைக்காமல் எவரும் எடுக்கிற மாதிரி விடு.

நீ ரொறன்ரோவில் இருக்கிறாய், கருவி இங்கே வெயிலில் நிற்கப்போகிறது. பழுதானால் யார் ஏறுவது? அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, குளத்திலிருந்து தூரமில்லை. அங்கே படிக்கிற பிள்ளைகளை முதல் நாளே சேர்த்துக்கொள். கமக்காரர் அமைப்பில் நான் கதைக்கிறேன். "வெளிநாட்டுக்காரர் பூட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவினம்" என்று ஒருவர் கட்டாயம் சொல்லுவார். அவர் முன்பு கண்டதைத்தான் சொல்லுகிறார், கோபிக்காதே.

தை மாதம் லீவு கிடைத்தால் வா. புது நெல்லுப் புதிர் அரிசி வைத்திருப்போம். வரும்போது ஒன்றுக்கு மட்டும் மறுமொழி யோசித்துக்கொண்டு வா: அணைக்கட்டடியில் நிற்கிற குரங்குகள் போன கிழமை தெருவிளக்கின் வயரை உரித்துப்போட்டன. உன் கருவியை அவை எத்தனை நாள் விட்டுவைக்கும்?

அன்புடன்,
அப்பா