கட்டணம் ஏற்கெனவே அறவிடப்படுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை அரச ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு சிறு கட்டணம் அறவிட்டால் என்ன என்று அண்மையில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இலவச வைத்தியத்தில் கைவைக்கக் கூடாது என்று அவருக்கு நல்ல சாத்து விழுந்தது. நானும் கட்டணம் வேண்டாம் என்கிற பக்கம்தான். ஆனால் கட்டணம் இப்போதே வாங்கப்படுகிறது. ஆஸ்பத்திரிக்குள் அல்ல, வாசலுக்கு எதிர்ப்பக்கம்.

என் மனைவிக்குச் சீனி வருத்தம், பிரஷரும் உண்டு. கிளினிக் நாளில் விடிய முதலே போய் நம்பர் எடுக்க வேண்டும். உள்ளே போனால் வைத்தியர் பார்ப்பது இரண்டு, மூன்று நிமிடம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வெளியே வாங்கில் நிறையச் சனம். பிறகு மருந்து வரிசை. கடந்த முறை கொப்பியில் எழுதிய நாலு மருந்தில் இரண்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'இல்லை' என்று போட்டு, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். இரத்தப் பரிசோதனையும் வெளியில்தான். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, சமாளிக்கலாம். எதிர்ப் பார்மசியில் எனக்கு முன்னால் நின்ற அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். ஒரு மாதத்துக்கு எழுதிய துண்டை நீட்டி, "பத்து நாளைக்கு மட்டும் தாங்கோ தம்பி" என்று கேட்டு வாங்கினார். மிச்சம் இருபது நாளும் அவர் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்டும் என்ன?

இந்த நாட்டில் வைத்தியத்துக்குச் செலவாகும் மொத்தப் பணத்தில் கிட்டத்தட்டப் பாதி சனத்தின் சொந்தக் காசு. அதே அம்மா சவர்க்காரம் வாங்கும்போதும் 18 வீதம் வற் வரி கட்டுகிறார். அரசு வைத்தியத்துக்கு ஒதுக்குவதும் அந்த வரியிலிருந்துதான். ஆக, ஒரே மருந்துக்கு இரண்டு தரம் காசு.

நம் இலவச சேவை சாதித்ததை மறுக்கவில்லை. பிள்ளைப்பேற்றுச் சாவைக் குறைத்தது, 2016 இல் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று வாங்கியது எல்லாம் குறைந்த செலவில் நடந்தவை. குடும்பநல மாது வீடு வீடாகப் போனார், தடுப்பூசி போட்டார்கள், கொசுவுக்கு மருந்தடித்தார்கள். இன்றைய வருத்தங்கள் வேறு. சீனி, இருதயம், சிறுநீரகம் என்று சாகும்வரை குளிசை வேண்டும், ஸ்கான் வேண்டும். குளிசையில் பெரும்பகுதி டொலர் கொடுத்து வாங்குவது. 2022 இல் டொலர் தீர்ந்தபோது சத்திரசிகிச்சைகளையே தள்ளிப்போட்டார்கள். அதன் பிறகு அவசரக் கொள்வனவு என்று வந்ததில் இம்யூனோகுளோபுலின் என்ற தரமற்ற நோயெதிர்ப்பு ஊசிமருந்து விவகாரம் வெடித்து, முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 இல் கைதானார்.

அடுத்தது, 1977 இல் அரச வைத்தியர்களுக்குத் தனியார் தொழிலை அனுமதித்தது. காலையில் எட்டிப் பார்க்க முடியாத நிபுணரைப் பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி, அதாவது சனல் பண்ணி, பார்க்கலாம். சனல் பண்ணியவருக்கு அரச ஆஸ்பத்திரி வாட்டில் காரியம் சுருக்காக நடக்கும் என்று ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். வைத்தியர்கள் வெளிநாடு போகாமல் இருக்க அந்த வருமானமும் வேண்டும், சரி. அப்படியானால் வரிசையில் முன்னுக்குப் போகும் உரிமையை விற்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் எல்லாம் என்று சொல்லிவிட்டு, எது முடியாது என்று எந்த அரசாங்கமும் வாய் திறப்பதில்லை, வாக்குப் போய்விடும். அதனால் வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதை மருந்து அலுமாரியின் வெற்றிடம் தீர்மானிக்கிறது. அங்கே ஏழை, பணக்காரன் கணக்கெல்லாம் கிடையாது. நாம் போன நாள் நல்ல நாளாக இருந்தால் மருந்து உண்டு.

என் கோரிக்கை பெரிதல்ல. ஒவ்வொரு கிளினிக்கிலும் கட்டாயம் இருக்க வேண்டிய மருந்துகள் எவை என்று ஒரு பட்டியல் போட்டு, பாதீட்டில் முதல் காசை அதற்கு ஒதுக்குங்கள். பட்டியலில் உள்ள மருந்து இல்லாவிட்டால் வெளியில் வாங்கிய ரசீதுக்குக் காசைத் திருப்பிக் கொடுங்கள், குறைந்தது அரச கொடுப்பனவு பெறும் குடும்பங்களுக்காவது. பட்டியலில் இல்லாததை இல்லை என்று நேரே சொல்லிவிடுங்கள். தடிமனுக்கும் இருமலுக்கும் போதனா வைத்தியசாலைக்கு ஓடுவதை நிறுத்தி, முதலில் பிரதேச வைத்தியசாலை, அங்கிருந்து கடிதத்தோடு மேலே என்று ஒழுங்கு வையுங்கள். சனம் முறுகும், நானும் முறுகுவேன். ஆனால் அதற்கு முன் பிரதேச வைத்தியசாலையில் பின்னேரமும் ஒரு வைத்தியர் இருக்க வேண்டும்.

இன்னொன்று, காசே தேவைப்படாதது. இன்றைக்கு எந்த மருந்து கையிருப்பில் இல்லை என்பதைக் காலையிலேயே வாசலில் எழுதி ஒட்டலாம். ஒரு வெள்ளைத்தாளும் பேனையும் போதும்.

ஓய்வுபெற்ற தபாலதிபர்,
வடமராட்சி